ஓர் அமெரிக்கக் காங்கிரஸ் வேட்பாளரின் கல்விக் கொள்கையைத் தேடி ஒரு குளிர்காலம்

டெக்சாஸில் 2024 மார்ச் 5 அன்று பிரைமரி, அதாவது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். அதற்கு நான்கு மாதம் முன்பே எங்கள் தபால்பெட்டியில் வழவழப்பான அட்டைகள் விழ ஆரம்பித்துவிட்டன. காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, நிற்கும் எல்லோருடைய அட்டையிலும் கல்வி பற்றி மூன்று வரி இருக்கும்: பெற்றோர் உரிமை, உள்ளூர்க் கட்டுப்பாடு, ஒவ்வொரு குழந்தைக்கும் தரமான கல்வி. இதை யார் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள்? குடியுரிமை வாங்கியபின் நான் ஓட்டுப் போடப்போகும் முதல் காங்கிரஸ் பிரைமரி அது. டல்லஸுக்கு வடக்கே எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், "அக்கா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க, நாங்க அப்படியே போட்டுடுறோம்" என்றுதான் பதில் வந்தது. சரி, நாமே தேடிப்பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். எங்கே தேடுவது, எதற்குக் காசு தேவையில்லை, எதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. அடுத்து தேடப்போகிறவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன்.

எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்குப் பள்ளியிலேயே பேச்சுப் பயிற்சி நடக்கிறது. வருடா வருடம் பள்ளியும் பெற்றோரும் கூடிப் பேசும் ஆர்ட் மீட்டிங்கில் உட்கார்ந்து அவனுடைய ஐஇபி-யில், அதாவது அவனுக்கென்று எழுதிய கல்வித் திட்டத்தில், கையெழுத்துப் போடுகிறேன். பள்ளி மனமிரங்கிக் கொடுக்கும் சலுகையில்லை அது. மாற்றுத்திறன் உள்ள மாணவர்களுக்காக 1975-ல் காங்கிரஸ் போட்ட சட்டம், இன்று ஐடியா என்று அழைக்கப்படுவது, அவனுக்குக் கொடுத்த உரிமை. இதே டெக்சாஸில் 2004-ல் மாநிலக் கல்வி முகமை ஓர் அளவுகோல் வைத்தது. சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 சதவீதத்துக்கு மேல் போனால் அந்தப் பள்ளி மாவட்டத்தின் மதிப்பீடு அடிவாங்கும். தேசிய சராசரியோ 13 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஹூஸ்டன் க்ரானிக்கிள் பத்திரிகை 2016-ல் இதை வெளியே கொண்டுவந்தது. மாநிலம் சட்டத்தை மீறியது என்று ஃபெடரல் கல்வித் துறை 2018 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே ஒரு வேட்பாளர் மேடையில் "கல்வித் துறையை மூடுவோம்" என்று கை தட்டு வாங்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். நான் தேடிய வேட்பாளர் அப்படிச் சொன்னவர். அவர் எங்கள் பகுதி ஐஎஸ்டி (பள்ளி மாவட்டம்) ஒன்றில் அப்போது டிரஸ்டியாகவும், அதாவது பள்ளி போர்டு உறுப்பினராகவும், இருந்தார். பெயரும் கட்சியும் சொல்லப்போவதில்லை. கட்சியைச் சொன்னால் படிப்பவர்களில் பாதிப்பேர் இங்கேயே எழுந்து போய்விடுவீர்கள்.

முதலில் அந்த அட்டைகளை எடுத்து, காங்கிரஸ் கையில் இல்லாததையெல்லாம் பென்சிலால் அடித்துவிடுங்கள். அமெரிக்கப் பள்ளிகளுக்கு வரும் பணத்தில் ஃபெடரல் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். மீதி மாநிலமும் நம் சொத்து வரியும். ஸ்டார் என்னும் மாநிலத் தேர்வு, ஆசிரியர் சம்பளம், வசதியான பள்ளி மாவட்டங்கள் மற்றவற்றுக்காக ராபின் ஹூட் என்று திட்டிக்கொண்டே கட்டும் பங்கு, பாடப்புத்தகம் எல்லாம் மாநிலத் தலைநகர் ஆஸ்டினிலும் உள்ளூர் ஐஎஸ்டி-யிலும் முடிவாகின்றன. பாடத்திட்டத்தை வாஷிங்டன் திணிக்கக் கூடாது என்று 2015-ல் வந்த எஸ்ஸா என்னும் ஃபெடரல் பள்ளிக் கல்விச் சட்டமே சொல்கிறது. அடித்தபிறகு மிஞ்சுவது சொற்பம்: ஐடியா பணம், ஏழை மாணவர் அதிகமுள்ள பள்ளிகளுக்கான டைட்டில் ஒன் பணம், மதிய உணவு, கல்லூரிக்கு பெல் கிராண்ட் உதவித்தொகை, கல்விக் கடன், பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டங்களை யார் அமல்படுத்துவது என்பது. ஐடியாவில் மட்டும் ஒரு பழைய பாக்கி உண்டு. ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை ஃபெடரல் அரசு தரும் என்பது ஆரம்பத்தில் பேசிய பேச்சு. வழக்கமான வருடாந்தர ஒதுக்கீடு அதில் பாதியைக்கூட இதுவரை தொட்டதில்லை. ஆக, எனக்கு இருந்தது இரண்டே கேள்வி. இந்த 40 சதவீதம் பற்றி அவர் என்ன நினைக்கிறார்? மாநிலம் மறுபடி 8.5 மாதிரி ஒன்றைச் செய்தால் தட்டிக்கேட்பது யார் என்கிறார்?

கூகுளில் அவர் பெயரோடு "பொது ஆவணங்கள்" என்று போட்டால் முதலில் வருவதெல்லாம் ஆளைத் தேடித்தரும் வணிகத் தளங்கள். மாதம் 29.95 டாலர் கட்டினேன். கிடைத்தது: பழைய முகவரிகள், சொந்தக்காரர்கள் பெயர், எப்போதோ வாங்கிய போக்குவரத்து அபராதம். கல்வி பற்றி ஒரு எழுத்து இல்லை. அடுத்தவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தமாதிரி கூச்சமாக இருந்தது. ரத்து செய்ய ஃபோனில்தான் கூப்பிட வேண்டுமாம். அதற்குள் இரண்டாவது மாதமும் கார்டில் பிடித்துவிட்டார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு வேட்பாளரின் பொது வாழ்க்கைக்குத் தேவையான ஆவணங்களில் பெரும்பகுதி அரசுத் தளங்களில் இலவசம்.

முதலில் போக வேண்டியது எஃப்இசி, அதாவது ஃபெடரல் தேர்தல் ஆணையத் தளம். 5,000 டாலருக்கு மேல் திரட்டினாலோ செலவழித்தாலோ அவர் வேட்பாளராகப் பதிய வேண்டும். 200 டாலரைத் தாண்டிக் கொடுத்த ஒவ்வொருவரின் பெயரும், வேலையும், வேலை பார்க்கும் இடமும் அங்கே இருக்கும். அந்த "வேலை பார்க்கும் இடம்" பத்தியைத்தான் நான் உட்கார்ந்து படித்தேன். தனியார் பள்ளி நிர்வாகிகள், அரசுப் பணத்தில் தனி நிர்வாகமாக நடக்கும் சார்ட்டர் பள்ளிகளின் நிறுவனத்தார், ஆசிரியர்கள் எத்தனைப் பேர் என்று பார்த்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஓரளவு தெரியும். ஓரளவுதான், கொடுத்தவர் எண்ணம் வேறு, வாங்கியவர் எண்ணம் வேறு. வேட்பாளர் தாமே முன்பு யாருக்கு நன்கொடை கொடுத்தார் என்பதையும் அதே தளத்தில் தேடலாம். என் கணக்கில் அதுதான் அதிகம் பேசும். பட்டியலில் நம் அக்கம்பக்கத்தார் பெயரும் வரும். அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு ஊர்வம்பு வளர்க்காதீர்கள். தேதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரைமரிக்கு முந்தைய கணக்கு, தேர்தலுக்கு 12 நாள் முன்னால்தான் வரும். எங்களுக்கு அது பிப்ரவரி 22. முன்கூட்டிய வாக்களிப்போ பிப்ரவரி 20-லேயே தொடங்கிவிட்டது. கடைசி இருபது நாளில் வரும் 1,000 டாலரும் அதற்கு மேலுமான நன்கொடைகளை 48 மணி நேரத்துக்குள் தனியாக அறிவிக்க வேண்டும், அதையும் பாருங்கள். பிரதிநிதிகள் சபை கிளார்க் தளத்தில் வேட்பாளரின் சொத்து அறிக்கை இருக்கும். தொகைகள் தோராயமாக, 15,001 முதல் 50,000 என்ற மாதிரிதான் இருக்கும். அதில் தொகையைவிட, எந்தெந்த அமைப்பில் பதவி வகிக்கிறார் என்ற பக்கம் முக்கியம். நான் தேடியபோது என் ஆள் அவகாசம் வாங்கி வைத்திருந்தார். பிரைமரி முடிகிறவரை ஒன்றும் வரவில்லை.

உண்மையான புதையல் பள்ளி போர்டு ஆவணங்களில் இருந்தது. அதை நான் கடைசியில்தான் தொட்டேன். ஐஎஸ்டி தளத்தில் ஒவ்வொரு கூட்டத்தின் அஜெண்டா, இணைப்புத் தாள்கள், மினிட்ஸ் என்னும் கூட்டக் குறிப்பு, வீடியோ எல்லாம் இருக்கின்றன. மினிட்ஸில் "தீர்மானம் 6-1 என நிறைவேறியது" என்று ஒரு வரிதான் இருக்கும். அப்படி ஒரு 6-1 கண்ணில் பட்டது. வெளி நிறுவனத்திடமிருந்து பேச்சுப் பயிற்சியாளர்களை அமர்த்தும் ஒப்பந்தம். மொத்தமாகக் கை தூக்கி நிறைவேற்றும் கன்சென்ட் அஜெண்டாவிலிருந்து அதைத் தனியே எடுக்கச் சொன்னவரும் இவர், எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த ஒருவரும் இவர். எனக்கு ரத்தம் கொதித்தது. என் பிள்ளைக்குப் பயிற்சி வேண்டாம் என்கிறாரா? அன்றைக்கே குழுவில் போட்டுக் கிழித்திருப்பேன். என் வீட்டுக்காரர்தான், "வீடியோவ ஒரு தடவ பாத்துட்டு எழுதேன்" என்றார்.

கூட்டம் நாலு மணி நேரம். யூட்யூபில் தானாக வரும் எழுத்து வடிவத்தைத் திறந்து "தெரபி" என்று தேடினால் நேரே அந்த இடத்துக்குப் போய்விடலாம். அவர் பேசியது இதுதான்: வெளி நிறுவனத்துக்கு மணிக்குக் கொடுக்கும் தொகை நம் சொந்த ஊழியருக்கு ஆவதைவிட அதிகம், பாதி வருடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், குழந்தைகளுக்குப் பழகிய முகம் வேண்டும், நிரந்தரப் பணியிடம் உருவாக்குங்கள். கேட்டபோது எனக்கே கை தட்டத் தோன்றியது. என் மகனுக்கு ஒரே வருடத்தில் பயிற்சியாளர் மாறிய வேதனை எனக்குத் தெரியும். அதோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு ரசிகையாகியிருப்பேன். அடுத்த வருட பட்ஜெட் கூட்டங்களையும் பார்த்தேன். அந்தப் பணியிடங்களைப் பற்றி ஒரு கூட்டத்தில் கேட்டார். அவை இல்லாமலே பட்ஜெட் வந்தபோது மறுபேச்சில்லாமல் ஆதரித்து ஓட்டுப் போட்டார். மினிட்ஸ், வீடியோ, மறுவருட பட்ஜெட் மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் பிடிபடுகிறார். ஏதாவது ஒன்றை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

போர்டு ஆவணங்களில் இன்னொன்றை யாரும் தேடுவதில்லை. டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை வருடங்களில் 140 நாள் கூடும். அதற்கு முன் பல ஐஎஸ்டி-க்கள் "சட்டமன்ற முன்னுரிமைகள்" என்று ஒரு பட்டியலை ஓட்டுக்கு விட்டு நிறைவேற்றும். எங்கள் பட்டியலில், சிறப்புக் கல்விக்கு வாக்களித்த 40 சதவீதத்தை காங்கிரஸ் தர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் இவரேதான்! கூடவே, சில சமயம் மாநிலச் சட்டமே டிரஸ்டிகளை வாய் திறக்க வைக்கும். 2023-ல் வந்த எஸ்பி 763, பள்ளிகளில் மதப் போதகர்களைச் சேர்ப்பது பற்றி 2024 மார்ச் 1-க்குள் ஒவ்வொரு போர்டும் பெயர் பதிவாகும்படி ஓட்டெடுக்க வேண்டும் என்றது. பிரைமரிக்கு நாலு நாள் முந்தைய கெடு. மழுப்ப வழியே இல்லை. உங்கள் வேட்பாளர் அந்தச் சமயம் டெக்சாஸில் டிரஸ்டியாக இருந்திருந்தால் அந்த ஓட்டு எங்கேயோ பதிவாகியிருக்கிறது, தேடி எடுங்கள். மூடிய கதவுக் கூட்டத்தில் பேசலாமே தவிர ஓட்டெடுப்பு வெளியில்தான் நடக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி என் காசும் நிம்மதியும் போன இடம். டிசம்பரில் டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின்படி, சிறப்புக் கல்வி பற்றி அவர் அனுப்பிய, பெற்ற மின்னஞ்சல்கள் எல்லாம் வேண்டும் என்று ஐஎஸ்டி-க்கு எழுதினேன். மதிப்பீடு வந்தது: 486 டாலர். 27 மணி நேர வேலை, மணிக்கு 15 டாலர், அதன் மேல் 20 சதவீத நிர்வாகச் செலவு. தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அது அவர்கள் இஷ்டத்துக்குப் போட்ட விலையில்லை, விதிப்படிதான். 40 டாலரைத் தாண்டினால் இப்படி விவரமாக மதிப்பீடு தர வேண்டும். நாம் பத்து வேலை நாளுக்குள் பதில் எழுதாவிட்டால் மனுவை நாமே திரும்பப் பெற்றதாக ஆகிவிடும். அந்த வரி கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தால் மனு செத்திருக்கும். இரண்டு மாதங்கள், இரண்டு அதிகாரிகள், நாலு சொற்கள் என்று சுருக்கி மறுபடி எழுதினேன். 126 டாலர் ஆனது. 100-ஐத் தாண்டியதால் முன்பணம் கேட்டார்கள், கட்டினேன்.

அதன்பிறகு ஒரு கடிதம்: சில பக்கங்களைத் தர வேண்டுமா என்று மாநில அட்டர்னி ஜெனரலிடம் கேட்டிருக்கிறோம். அவருக்கு 45 வேலை நாள் அவகாசம் உண்டு. காலண்டரை எடுத்து எண்ணியபோதே பிரைமரிக்குள் வராது என்று தெரிந்துவிட்டது. அன்று இரவு சமையலறையில் நின்று அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. காசுக்காக இல்லை. நேர்மையாக, விதிப்படி, கேட்க வேண்டியவரிடம் கேட்டும் கதவு சாத்தியே கிடக்கிறதே என்ற ஆற்றாமை. மார்ச்சில், ஓட்டுப் போட்டு முடித்தபிறகு, வந்து சேர்ந்தது. மாணவர் விவரங்கள் கறுப்படிக்கப்பட்டிருந்தன, அது நியாயம். வழக்கறிஞர் ஆலோசனை என்று பல பக்கம் முழுக் கறுப்பு. மீதியில் முக்கால்வாசி "செவ்வாய் மூன்று மணி வசதிப்படுமா?" ரகம். உருப்படியாக ஒன்றும் தேறவில்லை.

ஆகவே தகவல் சட்ட மனுவை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். தளத்தில் இருப்பதையெல்லாம் படித்து, எந்த ஒரு தாள் மட்டும் கிடைக்கவில்லை என்று தெரிந்தபிறகு அந்தத் தாளை மட்டும், தேதியோடு கேளுங்கள். 50 பக்கத்துக்குள் இருக்கும் காகித ஆவணத்துக்குப் பொதுவாக நகல் காசு மட்டும்தான், பக்கத்துக்கு 10 சென்ட். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கக் கூடாது, நீங்களாகவும் கதை சொல்ல வேண்டாம். பொது வேலை பற்றி டிரஸ்டி தம் சொந்த ஃபோனிலும் ஜிமெயிலிலும் எழுதியதும் இந்தச் சட்டத்துக்குள் வரும், வேண்டுமானால் அதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். டிரஸ்டியாக நின்றபோது வாங்கிய நன்கொடைக் கணக்கு எஃப்இசி-யிலும் இருக்காது, ஆஸ்டினிலும் இருக்காது. ஐஎஸ்டி-யிடம்தான் இருக்கும்.

உங்கள் வேட்பாளர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தால் இறுதி ஓட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டம் 2023 நவம்பர் 17 அன்று டெக்சாஸ் கீழவையில் விழுந்தது ஒரு திருத்தத்தின் மேல் நடந்த ஓட்டில்: 84-63. வவுச்சர் பகுதியை மசோதாவிலிருந்து நீக்கிய திருத்தம் அது. இறுதி ஓட்டுக்கே மசோதா வரவில்லை. இறுதி ஓட்டை மட்டும் தேடுகிறவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். சபைக் குறிப்பேட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: "ஆம் என்று பதிவாகியிருக்கிறது, நான் இல்லை என்று போடவே நினைத்தேன்" என்று பின்னால் எழுதிவைப்பார்கள். பதிவும் இருக்கும், தப்பிக்க வழியும் இருக்கும். சட்டமன்றத்தில் இல்லாதவர் என்றாலும் கமிட்டிகளின் சாட்சிப் பட்டியலைத் தேடுங்கள். ஆதரவு, எதிர்ப்பு, பொது என்று மூன்று தலைப்பில் பெயர்கள் இருக்கும். பேசாமல் பெயர் மட்டும் பதிந்தவர்களும் அதில் வருவார்கள். என் ஆள் ஒரு மசோதாவுக்கு அப்படிச் சத்தமில்லாமல் ஆதரவு பதிந்திருந்தார், அட்டையில் அது இல்லை.

ஏற்கெனவே காங்கிரஸில் இருப்பவரைத் தேடுவது இதைவிட எளிது. காங்கிரஸ் தளத்தில் பெயரைப் போட்டால் அவர் கொண்டுவந்த, கூடக் கையெழுத்திட்ட மசோதாக்கள் வரும். ஆனால் கீழவையில் மட்டும் நிறைவேறி நின்றுபோகும் மசோதாக்கள் ஏராளம். 2023 மார்ச்சில் 213-208 என நிறைவேறிய பெற்றோர் உரிமை மசோதாவும் அப்படித்தான். பணம் ஒதுக்கும் மசோதாக்களில் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதை முதலில் பாருங்கள். குரல் வாக்கெடுப்பு என்றிருந்தால் யார் எந்தப் பக்கம் என்று பதிவே இருக்காது. பிரச்சாரத் தளத்தைப் பொறுத்தவரை, பார்த்த அன்றே, இணையப் பக்கங்களை அப்படியே சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவிடுங்கள். மார்ச் 5-க்குப் பிறகு என் ஆளின் கல்விப் பக்கத்தில் "மூடுவோம்" என்ற சொல் "சீர்திருத்துவோம்" ஆகிவிட்டது.

அவர் பிரைமரியின் இரண்டாம் சுற்றான ரன்ஆஃபுக்குப் போனார். மே 28. மார்ச்சில் நான் அந்தக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போட்டிருந்ததால் மேயில் அங்கேதான் போட முடியும், டெக்சாஸ் விதி அப்படி. நூலகத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அந்தத் தீர்மானத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். "சார், 40 சதவீதம் கேட்டு நீங்கள் முன்மொழிந்த தாள் இது. துறையை மூடிவிட்டால் இந்தப் பணத்தை யார் தருவார்கள், மறுபடி 8.5 வந்தால் யார் கேட்பார்கள்?" என்றேன். தாளை வாங்கிப் பார்த்தார். முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொன்னார்: மொத்தத் தொகையாக, பிளாக் கிராண்டாக, மாநிலத்திடம் கொடுத்துவிடலாம், 40 சதவீதத்துக்கு நான் இன்னும் ஆதரவுதான். இரண்டாவதற்கு, பெற்றோர் நீதிமன்றம் போகலாம் என்றார். வழக்கறிஞருக்கு மணிக்கு எவ்வளவு ஆகும் என்று நான் கேட்பதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

இரண்டு பதிலையும் அவர் சொன்னபடியே, தேதி போட்டு, தீர்மானத்தின் படத்தோடு குழுவில் போட்டேன். நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் நிலை நடத்தும் சார் அதே பதிவைப் படித்துவிட்டு அவருக்குத்தான் போட்டார். மாநிலத்திடம் பணத்தைக் கொடுப்பதுதான் சரி என்பது அவர் கணக்கு.